களவறிவு

ஜெசிந்தா நடத்திய கூட்டத்தில் ஒரே ஒரு விதிதான். தொழிலில் யார் என்ன சந்தேகம் கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது. பதிலுக்கு ஒரு கேள்விதான் கேட்க வேண்டும்.

கேட்டால் கிறுக்குத்தனமாகத்தான் இருக்கும். கடற்கரை நெடுகச் சின்னச் சின்னக் குடிநீர் நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இன்ஜினியர், கடல்நீரை உறிஞ்சி உப்பைப் பிரித்து ஊருக்கு அனுப்பிக்கொண்டு, பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்டவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் தொழில் கற்றுக்கொள்ள இணையத்தில் கட்டிக்கொண்ட கூட்டம் அது. முகம் கிடையாது, எழுத்து கிடையாது, வெறும் குரல்தான். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் பதில் கிடையாது என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

நரிக்கல் தீவு நிலையத்துப் பிச்சைமணிக்கும் வந்தது. காகித ஆலையை மூடியதும் தண்ணீர் வேலைக்கு மாற்றிவிடப்பட்டவர் அவர். நாற்பதைத் தாண்டியவர். தப்பு செய்துவிடுவோமோ என்ற பயத்திலேயே பாதித் தப்பைச் செய்கிற ரகம்.

"மேடம், பம்ப் ஏன் இரையுதுன்னு ஒரு சின்ன விஷயம்தான் கேட்டேன். ஆளாளுக்கு என்னையே திருப்பிக் கேள்வி கேக்குறாங்க. நான் என்ன பரீட்சை எழுதவா வந்தேன்?"

"இப்ப பம்ப் இரையுதா அண்ணாச்சி?" என்றாள் ஜெசிந்தா.

"இல்ல. நின்னுருச்சு."

"யாரு சரி பண்ணுனா?"

"நான்தான்," என்றார் பிச்சைமணி. அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

"அதுதான் உங்களைக் காப்பாத்தும். மூலச் சோதனையில தலையில தொப்பிய மாட்டுவாங்கல்லா, அப்ப."

"அந்தத் தொப்பி எப்படித்தான் மேடம் கண்டுபிடிக்குது?"

"நீங்க வாயே திறக்க வேண்டாம். அவங்க கேள்வி கேப்பாங்க. உங்க மண்டைக்குள்ள பதில் எங்கருந்து கிளம்புதுன்னு தொப்பி காட்டிக் குடுத்துரும். மேதினி பாடத்துலருந்து கிளம்பினா பிரச்சினை இல்ல. நீங்களே யோசிச்சுக் கண்டுபிடிச்சதுன்னாலும் பிரச்சினை இல்ல. உங்க மூளை உங்களுக்குத்தான் சொந்தம்னு இன்னும் சட்டம் இருக்கு. வேற ஒரு ஆளு சொன்னதுன்னா சிவப்பு விழும். சொன்ன ஆளோட குரலும் அதோட ஒட்டிக்கிட்டே வரும்."

"அப்ப கேள்வி கேட்டு, அதை வச்சு நான் கண்டுபிடிச்சா?"

"கேள்விக்கு யாரும் இன்னும் விலை போடல அண்ணாச்சி."

மேதினி என்பது ஒரு நிறுவனம். தொழிற்கல்வி மொத்தத்தையும் அரசாங்கம் அதனிடம் குத்தகைக்கு விட்டு ஒரு தலைமுறை ஆகியிருந்தது. நர்ஸோ, லிப்ட் மெக்கானிக்கோ, குடிநீர் இன்ஜினியரோ, யாராக இருந்தாலும் தொழிலில் புதிதாக ஒன்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் மேதினியிடம் பாடம் வாங்க வேண்டும். வாங்காமல், உடன் வேலை செய்கிறவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் அது திருட்டு. சட்டத்தில் அதற்குக் களவறிவு என்று பெயர் வைத்திருந்தார்கள். பெரிய நகரத்து நிலையங்களுக்கு ஒரு பாடம், சின்ன ஊர்களுக்கு அதிலேயே பழசாகிப்போன ஒரு பாடம். சின்ன ஊர்க்காரன் தாகத்துக்கு அது போதும் என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தானோ தெரியாது.

இந்தக் கெடுபிடிக்கு நடுவில் ஜெசிந்தா ஆள் சேர்த்த விதம் தனி. மேதினி மாதாமாதம் இணையத்தில் ஒரு கருத்தரங்கம் நடத்தும். முடிந்ததும் எல்லோரும் 'மிக அருமை', 'பயனுள்ள அமர்வு' என்று எழுதித் தள்ளுவார்கள். அதற்கு நடுவே யாராவது ஒருவர் 'எனக்குப் புரியவில்லை' என்று எழுதியிருப்பார். அந்த ஒருவரைத்தான் ஜெசிந்தா தேடிப் பிடிப்பாள். "உங்களுக்குப் புரியாதது எனக்கும் புரியல. ரெண்டு பேரும் சேந்து புரியாம இருப்போமா?" என்று பேச்சைத் தொடங்குவாள். எல்லாம் தெரிந்தவர்களை அவள் பக்கத்திலேயே அண்டவிட்டதில்லை.

ஆரம்பத்தில் இந்த விதி கிடையாது. ஆரம்பத்தில் கூட்டமே இரண்டு பேர்தான். சிப்பித்துறையில் ஜெசிந்தா, நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு நிலையத்தில் மைமூன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டதே இல்லை. தினமும் மதியம் சாப்பிடும்போது பேசுவார்கள். தெரிந்ததையெல்லாம் ஒருவருக்கொருவர் கொட்டுவார்கள். மைமூன் வயதில் மூத்தவள். ஜெசிந்தா அவளை லாத்தா என்று கூப்பிடுவாள். மைமூன் பதிலுக்கு அவளைக் கழுதை என்பாள். "கழுதை, அந்த வால்வைத் திறக்காதேன்னு எத்தனை தடவ சொல்றது?"

பிறகு மைமூனின் தொப்பியில் சிவப்பு விழுந்தது. அப்போதெல்லாம் கேட்டவருக்கு மட்டும்தான் தண்டனை. சொன்னவருக்கும் உண்டு என்று பிறகுதான் திருத்தினார்கள். திருட்டுப் பொருளைப் பறிமுதல் செய்வது போலத் திருடிய அறிவையும் எடுத்துவிடுவார்கள். அதற்கு மருத்துவப் பெயர் ஒன்று உண்டு. ஜனங்கள் வெள்ளையடிப்பு என்றார்கள். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்து அனுப்பிவிடுவார்கள், வலி கிடையாது.

அவள் வீடு திரும்பிவிட்டாள் என்று தெரிந்ததும் ஜெசிந்தா போன் செய்தாள்.

"யாரும்மா பேசுறது?"

"லாத்தா, நான்தான் ஜெசி. சிப்பித்துறை ஜெசி."

"ராங் நம்பர் போல இருக்கும்மா. நீங்க யாரைத் தேடுறீங்க?"

நல்ல மரியாதையான குரல். அந்த மரியாதையைத்தான் ஜெசிந்தாவால் தாங்க முடியவில்லை. மைமூன் அவளிடம் ஒரு நாளும் மரியாதையாகப் பேசியதில்லை. எது பாடம், எது பாடம் சொன்ன ஆள் என்று வெள்ளையடிக்கிறவர்களுக்குப் பிரிக்கத் தெரியாது. குரலோடு சேர்த்துத்தான் எடுப்பார்கள். முகம் பார்த்துப் பழகியிருந்தால் முகமாவது மிஞ்சியிருக்கும். இவர்களுக்குள் குரலைத் தவிர வேறு எதுவும் இருந்ததில்லை.

அன்றைக்கு ஜெசிந்தா அழுது முடித்துவிட்டுச் செய்த காரியம்தான் அந்த விதி. இனிமேல் என் குரல் யார் மண்டையிலும் பதிலாகப் போய் உட்காராது என்று முடிவு கட்டினாள். பயந்து ஒதுங்காமல், தான் ஒருத்தியாக மிஞ்சிய கூட்டத்தை அவள் பெரிதாக்கினாள். கேள்வியாகவே கேட்டுக் கேட்டு, கடற்கரை நெடுக இருநூறு இன்ஜினியர்கள் தாங்களே கண்டுபிடித்தார்கள். வருஷா வருஷம் தொப்பியை மாட்டிக்கொண்டு, சிவப்பு விழாமல் எழுந்து வந்தார்கள்.

பிச்சைமணி சேர்ந்த அடுத்த மாதம் பூங்கோரை வந்தது.

பூங்கோரை என்றால் கடலில் கண்ணுக்குத் தெரியாத பாசிப்பூச்சி கோடிக்கணக்கில் பெருகி, தண்ணீரே பச்சைக் கஞ்சி மாதிரி ஆகிவிடுவது. மீன் செத்து ஒதுங்கும், கரையில் நிற்க முடியாது. குடிநீர் நிலையங்களுக்கு அது எமன். உப்பைப் பிரிக்கிற மெம்பரேன் மெல்லிய தாள் மாதிரி. அது அடைத்துக்கொண்டால் ஊருக்குத் தண்ணீர் கிடையாது. நரிக்கல் தீவில் கிணறும் இல்லை, குளமும் இல்லை. பிச்சைமணியின் நிலையம்தான் தீவின் ஒரே தண்ணீர்.

நல்ல உச்சி வெயிலில் அவர் கூட்டத்துக்கு வந்தார். மூச்சு வாங்கியது.

"பிரஷர் ஏறிக்கிட்டே போகுது. பாடத்துல சொன்ன மாதிரி குளோரினை ரெண்டு மடங்கு போட்டுட்டேன். போடப் போட ஏறுது. யாராச்சும் இருக்கீங்களா?"

எல்லோரும் இருந்தார்கள். எல்லா ஊரிலும் பூங்கோரைதான். ஜெசிந்தாவுக்கு இதற்கு விடை தெரியும். போன வருஷம் இதே நிலையில் அவள் தவித்தபோது கடலூர் பக்கத்து வேதநாயகி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதைப் பிடித்துக்கொண்டு யோசித்து ஜெசிந்தா தானாகக் கண்டுபிடித்தாள். அதே கேள்வியைப் பிச்சைமணியிடம் எடுத்தாள்.

"அண்ணாச்சி, அந்தப் பூச்சி உசுரோட இருக்கும்போது அது வயித்துல இருக்கிறது எங்க இருக்கும்?"

"என்ன மேடம் கேக்குறீங்க? வயித்துலதான் இருக்கும்."

"அதைக் கொன்னா?"

"கொன்னா செத்துப்போகும். அதுக்குத்தானே குளோரின் போடுறேன். பத்தலையோ? இன்னும் கூட்டட்டுமா?"

"கொஞ்சம் நில்லுங்க. உடம்பு உடைஞ்சா உள்ள இருக்கிறது எங்க போகும்?" இது வேதநாயகி.

"எனக்கு ஓடல அக்கா. ஒண்ணும் ஓடல." அவர் குரல் உடைந்தது. "ஆஸ்பத்திரியில நாலு பேரு டயாலிசிஸ் மிஷின்ல படுத்திருக்காங்க. அதுல ஒரு பொண்ணு கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகல. தண்ணி நின்னா மிஷின் நிக்கும். டாக்டரம்மா ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க. கேள்வி கேக்காதீங்க. உங்களையெல்லாம் கும்பிடுறேன். என்ன செய்யணும்னு சொல்லுங்க."

இணைப்பில் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். அத்தனை பேருக்கும் பதில் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இதற்காகத்தானா இத்தனை வருஷம் இந்தக் கூட்டத்தைக் கட்டினேன் என்று ஜெசிந்தாவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"அண்ணாச்சி, கேளுங்க. உள்ள எடுக்கிற தண்ணிக்குப் போடுற குளோரினை நிறுத்துங்க. முழுசா நிறுத்துங்க. பூச்சியக் கொல்லாதீங்க. செத்தா உடம்பு உடைஞ்சு, உள்ள இருக்கிற பிசினும் விஷமும் தண்ணியில கரைஞ்சு வந்து மெம்பரேனை அடைக்கும். உசுரோட முழுசா வந்தா முன்வடிகட்டியிலயே நின்னுக்கிடும். உறிஞ்சுற வேகத்தைப் பாதியாக் குறைங்க. ஊருக்கு அனுப்புற தண்ணியில போடுற குளோரின் மட்டும் அப்படியே இருக்கட்டும்."

"நிறுத்தட்டுமா? பாடத்துல..."

"பாடம் கெடக்கட்டும். நிறுத்துங்க."

அவர் ஓடுகிற செருப்புச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார். பிரஷர் இறங்குகிறது என்றார். அப்புறம் அந்த மனிதர் வாய்விட்டு அழுதார்.

"ஜெசி, என்ன வேலை பண்ணிட்ட நீ?" என்றாள் வேதநாயகி மெதுவாக.

என்ன வேலை பண்ணினோம் என்று ஜெசிந்தாவுக்கே நன்றாகத் தெரியும்.

கடற்கரையில் பாதிச் சின்ன நிலையங்கள் அந்த வாரம் மூடிக் கிடந்தன. மூடாதவர்களில் மற்றவர்கள் ஏற்கெனவே தொப்பியில் தேறியவர்கள், நரிக்கல் தீவு மட்டும்தான் புதிது. மேதினிக்கு அது உறுத்தியது. குளோரினை நிறுத்தியிருக்கிறார்கள் என்று நிலையத்துக் கருவிகளே சொல்லிவிட்டன. அந்த உத்தி பெரிய நகரங்களுக்கு விற்கிற பாடத்தில் மட்டும்தான் இருக்கிறது. காகித ஆலையிலிருந்து வந்த பிச்சைமணிக்கு அது எப்படித் தெரியும்? அடுத்த மாதம் தனியாக மூலச் சோதனை என்று தகவல் வந்தது.

பிச்சைமணி தனியாக ஜெசிந்தாவைக் கூப்பிட்டார். அன்றைக்குப் பிறகு மேடம் என்பதை விட்டிருந்தார்.

"தங்கச்சி, சத்தியமா நான் உன் பேரைச் சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்ல வேண்டாம் அண்ணாச்சி. தொப்பி சொல்லும்."

"எனக்கு வெள்ளையடிச்சா எதை மறப்பேன்?"

"என் குரலை மறப்பீங்க. அந்தப் பகலையும் மறந்துருவீங்க."

"அந்தப் பொண்ணு பொழச்சதையுமா?" என்றார் பிச்சைமணி. "என் ஆயுசுல நான் உருப்படியா செஞ்சது அது ஒண்ணுதான் தங்கச்சி. அதை எடுத்துட்டாங்கன்னா நான் திரும்பவும் பழைய பிச்சைமணிதான்."

தன் லைசென்ஸ் போகும், தனக்கும் வெள்ளையடிப்பார்கள் என்பதையெல்லாம் ஜெசிந்தா கணக்குப் பண்ணிவிட்டாள். சொன்னவளிடமிருந்தும் எடுப்பார்கள். இந்தக் கூட்டத்துக் குரல் ஒவ்வொன்றும் அவளுக்கு ராங் நம்பர் ஆகும். மைமூன் கழுதை என்று கூப்பிட்டது உலகத்தில் இனி ஒருவருக்கும் நினைவிருக்காது. ஆனால் இந்த மனிதர் தன்னைப் பற்றி நல்லதாக நினைத்துக்கொள்ள வைத்திருக்கிற ஒரே ஒரு பகலையும் பிடுங்கிக்கொள்ள இவர்கள் யார்?

அன்று மாலையே கூட்டத்தைக் கூட்டினாள். கலைத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். கொஞ்ச நாள் பேசாமல் இருக்கலாம் என்று சிலர். கடைசியில் வேதநாயகி பேசினாள். அவள் கணவன் கோர்ட்டில் வேலை பார்க்கிறவன். வீட்டில் சோற்றோடு சட்டமும் பரிமாறுவார்கள்.

"ஊரறிவுன்னு ஒரு பிரிவு இருக்கு, தெரியுமா? ஒரு நர்ஸ் மேல மேதினி கேஸ் போட்டுது. காய்ச்சல்காரனை ஈரத்துணியால தொடச்சா சூடு கொறையும்னு, பாடம் வாங்காமலே தெரிஞ்சு வச்சிருந்தாளாம். ஜட்ஜுக்குக் கோவம் வந்துடுச்சு. இது என் பொண்டாட்டிக்கும் தெரியும், அவளையும் புடிச்சு உள்ள போடுவீங்களான்னு கேட்டாரு. அதுக்கப்புறந்தான் அந்தப் பிரிவைச் சேர்த்தாங்க. தொழில்ல இல்லாத சாதாரண ஜனத்துக்குத் தெரிஞ்ச விஷயத்தை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது."

"சாதாரண ஜனத்துக்குத் தெரியும்னு எப்படி முடிவு பண்ணுவாங்க?" என்றாள் ஜெசிந்தா.

"சோதனைக்கு வந்த ஆபீசர் வாசல்ல எறங்கி, கண்ணுல படுறவங்களைக் கேக்கணும். பல பேரு சொல்லிட்டா அது ஊரறிவு. ஆனா குளோரின் விஷயம் எந்த ஊர்ல எவனுக்குத் தெரியப் போகுது?"

ஜெசிந்தாவுக்குள் இத்தனை வருஷமாக அமுங்கிக் கிடந்த ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது.

"தெரியலன்னா சொல்லிக் குடுப்போம்," என்றாள்.

"விளையாடுறியா? ஒருத்தருக்குச் சொன்னதுக்கே..."

"ஒருத்தருக்கு ஒளிஞ்சு சொன்னாத்தான் அக்கா திருட்டு. இத்தனை வருஷமா நாம அவங்க போட்ட வேலிக்குள்ளயே சந்து தேடிக்கிட்டு இருந்தோம். அதைச் சாமர்த்தியம்னு வேற நெனச்சுக்கிட்டோம். அன்னைக்கு ஒரு ஆளு கதறுறாரு, நாம முப்பது பேரு ஊமையா இருந்தோம். எனக்கு வெக்கமா இருக்கு. நான் நாளைக்கு ஏலக்கூடத்துல நின்னு கத்தப் போறேன். வாறவங்க வாங்க, வராதவங்க மேல எனக்குக் கோவம் இல்ல."

சொன்னபடியே மறுநாள் மீன் ஏலம் முடிகிற நேரத்தில் அவள் போய் ஒரு கவிழ்த்த கூடைக்குப் பக்கத்தில் நின்றாள். எல்லோரும் கேளுங்கள் என்றாள். பூங்கோரை வந்தால் தண்ணீர் நிலையத்தில் ஏன் குளோரின் போடக் கூடாது என்று விளக்கினாள். பதில் சொல்லிப் பழக்கம் விட்டுப்போயிருந்ததால் வார்த்தை திக்கியது. மீன் விற்கிற சவேரியம்மாள் பொறுமையில்லாமல் குறுக்கே புகுந்தாள்.

"எம்மா, உசுரு மீன் நாறாது, செத்த மீன் நாறும். அதைத்தானே சொல்லுத? இதுக்கா இம்புட்டு இழுவை?"

கூடம் சிரித்தது. ஜெசிந்தாவும் சிரித்தாள். சாயங்காலத்துக்குள் சவேரியம்மாளின் வாக்கியம் ஊர் முழுக்கப் போய்விட்டது. ஜெசிந்தாவின் விளக்கத்தை ஒருவரும் சீந்தவில்லை. டீக்கடையில், நியாயவிலைக் கடை வரிசையில், கோயில் ஒலிபெருக்கியில், நிச்சயதார்த்த வீட்டில் என்று எங்கே பார்த்தாலும் குளோரின் பேச்சுதான். அரசியல் பேசி அலுத்திருந்த ஊருக்கு ஒரு மாறுதல்.

மற்ற ஊர்களிலும் நடந்தது. எல்லோரும் வரவில்லை, பாதிக்கு மேல் வந்தார்கள். வேதநாயகி ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பதில் சொல்லத்தான் போனாள். மேடையில் ஏறியதும் பழக்க தோஷத்தில் பிள்ளைகளைக் கேள்வியாகவே கேட்டுத் தள்ளிவிட்டாள். ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளே பதிலைக் கண்டுபிடித்து அவளுக்குச் சொன்னார்கள். இறங்கி வந்த பிறகுதான் தான் ஒன்றுமே சொல்லவில்லை என்று அவளுக்கு உறைத்தது.

சோதனை நாள் வந்தது. சொன்னது தான்தான் என்று ஜெசிந்தாவே மேதினிக்கு முன்கூட்டி எழுதிப் போட்டிருந்தாள். சொன்னவள், கேட்டவர் இருவரையும் ஒன்றாக வைத்து விசாரிக்க வேண்டும் என்று சிப்பித்துறை நிலையத்திலேயே ஏற்பாடு. பிச்சைமணி தீவிலிருந்து படகில் வந்தார். ஜெசிந்தா அவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். குரலை வைத்து அவள் நினைத்திருந்ததைவிட உயரமாக இருந்தார். சலவை செய்த சட்டை போட்டிருந்தார்.

சோதனை அதிகாரியின் பெயர் குமரகுருபரன். அவரும் ஒரு காலத்தில் தண்ணீர் இன்ஜினியர்தான், மேதினி எடுத்துக்கொண்டது. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. மாத்திரைப் பெட்டியும் குடையுமாக வந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத் தொப்பியைப் பிச்சைமணியின் தலையில் மாட்டினார்.

"பாசி பெருகின அன்னைக்குக் குளோரினை ஏன் நிறுத்தினீங்க?"

பிச்சைமணி உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்து ஜெசிந்தாவின் குரல் அதிலிருந்து வந்தது, தூரத்தில் பேசுவது போல. 'பாடம் கெடக்கட்டும். நிறுத்துங்க.' தன் குரலையே அடுத்தவர் தலையிலிருந்து கேட்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றைக்கு இவ்வளவு உறுதியாகவா சொன்னோம் என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

"நீங்கதானம்மா?"

"நான்தான் சார். அது ஊரறிவு. வாசல்ல இறங்கிக் கேட்டுப் பாருங்க."

குமரகுருபரன் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எதிர் டீக்கடையில் கேட்டார். பஸ்ஸுக்கு நின்றவர்களைக் கேட்டார். மீன்கூடையோடு போன சவேரியம்மாளைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். திரும்பி வந்தபோது சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

"ஊரையே கெடுத்து வச்சிருக்கீங்க," என்றார் நாற்காலியில் விழுந்து. "ஆனா நான் ஊரறிவுன்னு எழுத முடியாதும்மா. திட்டம் போட்டுப் பரப்புனதுன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இதை ஒத்துக்கிட்டா மேதினியில என் சீட்டு கிழிஞ்சிரும். களவறிவுன்னுதான் எழுதப் போறேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

பிச்சைமணி தலையைக் குனிந்துகொண்டார். ஜெசிந்தா குனியவில்லை.

"எழுதுங்க சார். எழுதுறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். பூங்கோரை வந்தா குளோரினை நிறுத்தணும்னு உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? சோதனை போடுறவனுக்கு அந்தப் பாடம் குடுக்க மாட்டாங்க. என்ன கேக்கணும்னு மட்டும்தான் சொல்லுவாங்க."

"இப்ப?"

"இப்ப என்ன?"

"இப்ப உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

குமரகுருபரன் பேனாவை மூடினார்.

"வெளியில யாரு சொன்னா சார்? டீக்கடைக்காரரா, சவேரியம்மாளா? யாரு குரல் உள்ள உக்காந்திருக்கு?" அவள் குரலை உயர்த்தவே இல்லை. "உங்களுக்கும் தண்ணி லைசென்ஸ்தானே? உங்க தலையில தொப்பி என்னைக்கு மாட்டுவாங்க?"

"வாற வெள்ளிக்கிழமை," என்றார் அவர். சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகம் மாறியது. சவேரியம்மாளின் வாக்கியத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க முடியாது. அது களவறிவு என்று அவர் கையாலேயே எழுதினால், வெள்ளிக்கிழமை அவர்தான் திருடன். அது ஊரறிவு என்று எழுதினால் இந்த அறையில் யாருமே திருடரில்லை.

அவர் ஜன்னல் வழியே எதிர் டீக்கடையைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து எழுதினார். கையெழுத்துப் போட்டு ஜெசிந்தாவின் பக்கம் திருப்பிக் காட்டினார். ஊரறிவு என்று தெளிவான எழுத்தில் இருந்தது. பிச்சைமணி தலையிலிருந்த தொப்பியைத் தானே கழற்றி மேஜை மேல் வைத்தார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போயிட்டு வாங்கம்மா," என்றார் குமரகுருபரன். "கெட்டிக்காரிதான் நீங்க."

ஜெசிந்தா எழுந்திருக்கவில்லை. வந்த காரியம் முடிந்தது. லைசென்ஸ் இருக்கிறது, குரல்கள் இருக்கின்றன, அண்ணாச்சியின் பகல் அவரிடமே இருக்கிறது. போய்விடலாம். ஆனால் அவள் நாற்காலியை மேஜைப் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னொண்ணு இருக்கு சார். என் தலையில இருக்கு. உங்க ஆளுகளுக்கு இதைக் கேக்கத் தெரியல, அதனால இத்தனை வருஷமா தொப்பியில மாட்டல. இது நானாக் கண்டுபிடிச்சது இல்ல. நாகப்பட்டினத்துப் பக்கம் மைமூன்னு ஒருத்தி எனக்குச் சொன்னது. அவளுக்கு என்னையத் தெரியாது. உங்க ஆளுகதான் எடுத்தாங்க."

"எங்கிட்ட ஏம்மா சொல்றீங்க? வேண்டாம். சொல்லாதீங்க."

"மழை வெள்ளம் வந்து, ஆத்துத் தண்ணி கலங்கலா கடல்ல விழுந்த மறுநாள் எல்லாரும் நிலையத்தை மூடிருவாங்க. மூட வேண்டாம் சார். ஆத்துத் தண்ணி லேசு, உப்புத் தண்ணி கனம்..."

"நிறுத்துங்கம்மா. வெள்ளிக்கிழமை எனக்குத் தொப்பி இருக்குன்னு சொன்னேன்ல?"

"அதனால கலங்கல் மேலாக்கத்தான் மிதக்கும்..."

குமரகுருபரன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பெட்டியையும் குடையையும் விட்டுவிட்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். ஓடப் போகிறார் என்றுதான் ஜெசிந்தா நினைத்தாள். ஓடட்டும், பஸ் ஏறுகிற வரைக்கும் பின்னாலேயே போய்ச் சொல்லிக்கொண்டே வருவது என்று அவளும் எழுந்துவிட்டாள்.

அவர் கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்து, எதிர் டீக்கடையைப் பார்த்துக் கையைத் தட்டினார்.

"எல்லாரும் கொஞ்சம் இங்க வாங்க. டீயக் கையோட எடுத்துக்கிட்டு வாங்க. பஸ்ஸுக்கு நிக்கிறவங்களும் வாங்க. இந்தம்மா ஒரு விஷயம் சொல்லுது, எல்லாரும் கேட்டுக்கிடணும்."

ஆட்கள் சாலையைத் தாண்டி வரத் தொடங்கினார்கள். குமரகுருபரன் ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார்.

"முதல்லருந்து சொல்லுங்கம்மா. சத்தமா."